2500 ரூபாய்க்குள் நல்ல பேஸ் இயர்போன்: மேலூர் பஸ்ஸில் கேட்க எது சரி?

மேலூர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. காதுக்குள்ள சொருகுற டைப் இயர்போன் ஒண்ணு வாங்கணும். பட்ஜெட் 2500 ரூபாய். நல்லதா இருந்தா 300, 400 கூடப் போகலாம். கேக்குறது பெரும்பாலும் குத்துப் பாட்டு, உறுமியும் தவிலும் வர்ற கிராமியப் பாட்டு, அப்புறம் இப்ப வர்ற எலக்ட்ரானிக் பீட் பாட்டு. ராத்திரி வீட்டுல 80கள் பாட்டும் ஓடும். மேலூர் டு மதுரை மாட்டுத்தாவணி தினமும் பஸ்ல போகவர கேக்கணும். போன்ல 3.5 ஜாக் கிடையாது, டைப்-சி மட்டும்தான்.

டவுன்ஹால் ரோட்டுல கேட்டா, அட்டையில "எக்ஸ்ட்ரா பேஸ்"னு போட்டதையெல்லாம் எடுத்து முன்னாடி வைக்கிறாங்க. ஒண்ணுல 14 மி.மீ. டிரைவர் (உள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கர்), இன்னொண்ணுல 10 மி.மீ.ன்னு போட்டிருக்கு. டிரைவர் பெருசா இருந்தா பேஸ் கூடுமா? வயர் நல்லதா, ப்ளூடூத் நல்லதா? பேஸ் நல்லா இறங்கி அடிக்கணும், ஆனா பாடுறவங்க குரல் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கக் கூடாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓபுளா படித்துறை:

மி.மீ. கணக்கைப் பார்த்து வாங்காதீங்க. 13, 14 மி.மீ. என்று போட்டு வருவதில் பல, ரப்பர் டிப்பே இல்லாமல் காது வாசலில் உட்காருகிற ரகம். அதற்கும் காதுக்கும் நடுவில் சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாக முதலில் ஓடிப்போவது அடி பேஸ்தான். 20 முதல் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு, எண் குறையக் குறைய பேஸ்) வரையுள்ள சத்தம் காதில் விழவேண்டும் என்றால், டிரைவருக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறி இறங்க வேண்டும். ஓட்டை இருந்தால் அழுத்தம் நிற்காது. நன்றாக அடைக்கிற 8 மி.மீ. டிரைவர், அடைக்காத 14 மி.மீ. டிரைவரைவிடக் கனமாக அடிக்கும். "இந்த இயர்போனில் பேஸே இல்லை" என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி டிப் சரியாகப் பொருந்தாததால் வருவது.

அதனால் எதை வாங்கினாலும் முதல் நாளே டிப்பைச் சோதித்துவிடுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்து 100 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பிறகு 50, பிறகு 30. கீழே போகப் போகச் சத்தம் மெலிவது இயல்பு, மனிதக் காதே அப்படித்தான். ஆனால் 100 தெளிவாகக் கேட்டு 30 அடியோடு காணாமல் போனால் அடைப்பு இல்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனை: பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் குபுக்கென்று கூடினால் டிப் சின்னது, அல்லது ஆழமாகப் போகவில்லை. காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சொருகினால் குழாய் நேராகி டிப் ஒழுங்காக உட்காரும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு டிப்தான் போடவேண்டும் என்றில்லை. இடதில் நடுத்தரம், வலதில் பெரியது என்று போடுகிறவர்கள் நிறையப் பேர்.

சொருகும்போது "கிரிக்" என்று ஒரு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே தள்ளிய காற்று டிரைவரின் சவ்வை மடக்குவதால் வருவது அது. மெதுவாகச் சொருகினால் குறையும்.

இனி குரல் விஷயம். பேஸ் என்று நாம் சொல்வதில் இரண்டு பங்கு இருக்கிறது. 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை அடி பேஸ்: அதிர்வு, முழக்கம். 60 முதல் 250 வரை நடு பேஸ்: அடியின் கனம், குத்து. ஆண் குரலின் அடிப்படைச் சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், நடு பேஸின் மேல்பாதியை ஏற்றிவிட்ட இயர்போனில் குரல் வீங்கும். நீங்கள் சொன்ன பானைக் குரல் பிறக்கிற இடம் 200 முதல் 500 வரை. இணையத்தில் பல இயர்போன்களுக்கு அளவுக் கோடு (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வரைபடம்) கிடைக்கும். அதில் 20 முதல் 100 வரை மேடாக இருந்து, 250க்குள் சரிந்து சமனாகிவிட வேண்டும். மேடு 400, 500 வரை நீண்டால் அதை வாங்காதீர்கள், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

உங்கள் விலையில் ஒற்றை டைனமிக் டிரைவர் (காந்தமும் சுருளும் சவ்வை அசைக்கும் வழக்கமான ரகம்) போதும். ஒரு பக்கத்துக்கு நாலு, அஞ்சு டிரைவர் என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். கூடுதலாகச் சேர்ப்பவை பெரும்பாலும் பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற மிகச் சிறிய டிரைவர்கள், அவை மேல் சுருதிகளைப் பார்த்துக்கொள்ளும். பேஸை அடிப்பது அப்போதும் அந்த ஒரு டைனமிக்தான். வயர் ரகத்தில் செவன்ஹெர்ட்ஸ் ஜீரோ 2 உங்கள் தேவைக்குப் பொருந்தும். ஒற்றை 10 மி.மீ. டிரைவர், முதல் ஜீரோவைவிட பேஸ் கூட்டி வந்தது, வயரைக் கழற்றி மாற்றலாம். மூன்டிராப் சூ 2வும் நல்ல பொருள்தான், ஆனால் உங்களுக்கு பேஸ் போதாது என்று தோன்றும்.

தவில்தனி:

அடி பேஸ், நடு பேஸ் பிரிச்சதை நீங்க கேக்குற பாட்டோட ஒட்டிப் பாருங்க தம்பி. எலக்ட்ரானிக் பாட்டுல வர்ற நீண்ட முழக்கம் 30 முதல் 60 ஹெர்ட்ஸ்ல உக்காரும். நாலு கம்பி பேஸ் கிடாரோட கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். இதுக்கெல்லாம் அடி பேஸ் வேணும். நம்ம மேளக்காரங்க பாட்டு வேற கணக்கு. தவில்ல கழியால அடிக்கிற தொப்பி கனமான பக்கம், விரல்ல கூடு மாட்டி வாசிக்கிற வலந்தலை இறுக்கமான பக்கம். தொப்பியோட கனம் நடு பேஸ்ல இருக்கும். ஆனா அடி விழுற நொடியில வர்ற "டக்" ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல இருக்கு. மேல் சுருதியை ரொம்ப அமுக்கிட்டு பேஸை மட்டும் ஏத்துன இயர்போன்ல தவில் கேட்டா, தவிலோட சொற்கட்டு எதுவும் பிரியாது, வெறும் "தொம் தொம்"தான் மிஞ்சும். உறுமியும் அப்படித்தான். வளைஞ்ச குச்சியால தேய்க்கும்போது சுருதி ஏறி இறங்குமே, அந்த இழுவைதான் அதுக்கு உயிரு. நடு பேஸ் கொழகொழன்னு இருந்தா அந்த இழுவை கரைஞ்சு போயிரும்.

அதனால கடையில சோதிக்கிறப்ப பேஸ் எவ்வளவுன்னு மட்டும் பாக்காதீங்க, எவ்வளவு சீக்கிரம் நிக்குதுன்னும் பாருங்க. வேகமான உருட்டு வர்ற இடத்தை ஓட்டிக் கேளுங்க. ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழணும். ஒண்ணோட வால் அடுத்ததுமேல ஏறுனா வேண்டாம்.

80கள் பாட்டைப் பத்தி ஒரு விஷயம். அந்தக் காலப் பதிவு பலதுல அடி பேஸ் குறைவாத்தான் பதிஞ்சிருக்கும். பதிவுல இல்லாததை எந்த இயர்போனும் உண்டாக்காது. அந்தப் பாட்டுக்கு 80 முதல் 120 பக்கத்துல ஈக்வலைசரை (பேஸ், குரல்னு தனித்தனியா கூட்டிக் குறைக்கிற வசதி) கொஞ்சம் தூக்குனா பேஸ் கிடார் எழும்பி வரும், அது போதும்.

இன்னொண்ணு, திருவிழாவுல பெரிய பாக்ஸ் முன்னாடி நிக்கும்போது நெஞ்சு அதிருமே, அதை இயர்போன்ல தேடாதீங்க. அங்க உடம்பே அதிருது. இங்க செவிப்பறை மட்டும்தான். அந்த உணர்வு வரட்டும்னு வால்யூமை ஏத்திக்கிட்டே போறதுதான் ஆபத்து.

மாட்டுத்தாவணி 24:

மேலே சொன்னதெல்லாம் வீட்டுக்குச் சரி. பஸ்ஸை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே. பஸ் எஞ்சின் உறுமலின் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது பாட்டின் பேஸ் இருக்கிற அதே இடத்தில். எஞ்சின் சத்தம் பேஸை மூடிவிடும். சிலிகான் டிப் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சலை நன்றாகத் தடுக்கும், எஞ்சின் முழக்கத்தை அவ்வளவாகத் தடுக்காது. ஏஎன்சி என்ற இரைச்சல் நீக்கம் நேர்மாறு: அதன் பலமே கீழ் சுருதியில்தான். ஆகவே பஸ்ஸில்தான் அதிகம் கேட்பீர்கள் என்றால், இந்த விலையில் ஏஎன்சி உள்ள ப்ளூடூத் பட்ஸ் வாங்குவதே என் கட்சி. செயலியில் ஈக்வலைசர் இருக்கிறதா, வேர்வைக்குத் தாங்க ஐபிஎக்ஸ்4 ஆவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோடெக் (ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களை வைத்துக் குழம்ப வேண்டாம், எந்தக் கோடெக்கும் பேஸைக் குறைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜன்னல் சீட்டில் கண்ணாடி திறந்திருந்தால் காற்று நேராக மைக்கில் மோதும். ஏஎன்சி அதையும் சத்தம் என்று எடுத்துக்கொண்டு "பட பட" என்று உள்ளே அனுப்பும். அப்போது காற்று மோட் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் ஏஎன்சியை அணைத்துவிடுங்கள், அல்லது உள் சீட்டுக்கு மாறுங்கள்.

ஓபுளா படித்துறை:

எஞ்சின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் ஏஎன்சி, பேட்டரி, மைக், சிப் எல்லாவற்றுக்கும் காசு பிரிந்து போகிறது, ஒலிக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரியும் தளரும். வயரில் ஏறக்குறைய முழுக் காசும் ஒலிக்கே போகிறது. பஸ்ஸுக்கு மெமரி ஃபோம் டிப் போட்டால் சிலிகானைவிட நன்றாக அடைக்கும். உருட்டி நசுக்கி, சொருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும், உள்ளே விரிந்து உட்காரும். மேல் சுருதியைக் கொஞ்சம் மங்கவைக்கும், வேர்வையில் சில மாதங்களில் இறுகிப் போகும். அதை மாற்றுகிற செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலூர்க்காரன், முடிவு இப்படி எடுக்கலாம்: பஸ்ஸில் கேட்பது பாதிக்கு மேல் என்றால் ஏஎன்சி பட்ஸ், வீட்டில் கேட்பது அதிகம் என்றால் வயர்.

வயர் எடுத்தால் டைப்-சி டாங்கிள் (3.5 ஜாக்கை டைப்-சியில் இணைக்கும் குட்டி வயர்) வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான டாங்கிள்களில் சில வெறும் வயர் மாற்றிதான். அனலாக் ஒலியை டைப்-சி வழியாக வெளியே அனுப்புகிற போனில் மட்டும்தான் அவை வேலை செய்யும். உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றுவது) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், கடையிலேயே உங்கள் போனில் சொருகிப் பாருங்கள். தனி ஆம்ப் எதுவும் தேவையில்லை, இந்த ரக இயர்போனுக்கு டாங்கிளின் சக்தியே தாராளம். ஆப்பிள் டைப்-சி டாங்கிள் ஒலியில் நல்லது, ஆனால் ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் குறைவாக வரும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வைகை வடகரை:

ஈக்வலைசர் பத்தி நான் சொல்றேன், இங்கதான் நல்ல இயர்போனைக்கூட கெடுத்துக்கிறாங்க. சினிமாப் பாட்டு பெரும்பாலும் டிஜிட்டல் எல்லையைத் தொட்டுக்கிட்டே மாஸ்டர் பண்ணியிருப்பாங்க. அதுக்குமேல நீங்க பேஸை 6 டெசிபல் தூக்குனா அலையோட தலை வெட்டுப்படும், அடி விழுறப்ப "கரகர"ன்னு கேக்கும். அது இயர்போன் கிழிஞ்ச சத்தம் இல்ல. எவ்வளவு ஏத்துறீங்களோ அவ்வளவு ப்ரீஆம்ப்பை (ஈக்வலைசர்லயே இருக்குற மொத்தச் சத்த அளவு) இறக்கணும். பேஸ் பிளஸ் 6னா ப்ரீஆம்ப் மைனஸ் 6. சத்தம் குறைஞ்ச மாதிரி தெரியும், வால்யூம் பட்டனால சரி பண்ணிக்கங்க.

லோ ஷெல்ஃப் (ஒரு அளவுக்குக் கீழ இருக்குற பேஸை மொத்தமா தூக்குறது) 105 ஹெர்ட்ஸ், க்யூ (அந்த ஏத்தத்தோட சரிவு) 0.7, பிளஸ் 4 டெசிபல்ல இருந்து ஆரம்பிங்க. குரல் இன்னும் அமுங்குனா 250ல ஒரு 2 டெசிபல் குறைங்க. பேஸை ஏத்துறதைவிட இந்த 2 டெசிபலைக் குறைக்கிறதுல கிடைக்கிற தெளிவு அதிகம். ஆண்ட்ராய்டுல வேவ்லெட் செயலியில பல இயர்போனுக்கு ரெடிமேட் திருத்தமே இருக்கு. முக்கியமா, போனோட டால்பி, பாட்டுச் செயலியோட ஈக்வலைசர், பட்ஸ் செயலியோட பேஸ் பூஸ்ட் மூணையும் ஒண்ணா போடாதீங்க. ஏதாவது ஒண்ணு மட்டும்.

வால்யூம் அளவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு: பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணிதான். பஸ் இரைச்சலுக்குமேல பேஸ் கேக்கணும்னு ஏத்துனா 89ஐ சுலபமாத் தாண்டிரும். இந்த ஒரு காரணத்துக்காகவே பஸ்ஸுக்கு ஏஎன்சின்னு சொன்னவர் பக்கம் நான். வண்டி ஓட்டும்போது வயரும் வேண்டாம், பட்ஸும் வேண்டாம்.

மேலூர்க்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பஸ்ஸு ஒண்ணேகால் மணி நேரம், வீட்டுல ரெண்டு மணி நேரம் கேப்பேன். அதனால வயர், ஃபோம் டிப், டாங்கிள்னு போறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். வயர் அறுந்து வேற மாத்துனா பேஸ் மாறுமா? அப்புறம், இப்ப இருக்குறதுல வாய் அசைச்சா வலது காதுல மட்டும் பேஸ் போயிட்டுப் போயிட்டு வருது, ஏன்?

ஓபுளா படித்துறை:

வயரின் தரத்தால் பேஸ் மாறாது. மாட்டுகிற விதத்தால் மாறும். கழற்றி மாட்டுகிற 2 பின் வயரில் ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக மாட்டினால் இரண்டு பக்கமும் எதிர் எதிராக அசையும். பேஸ் வெறுமையாகிவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் தலையைச் சுற்றிப் பரவியது போல் இருக்கும். பழைய வயரை ரிப்பேர் செய்து ஒட்டும்போதும் இது நடக்கும். ஒரு பக்க பின்னை மட்டும் 180 பாகை திருப்பி மாட்டிப் பாருங்கள், குரல் நடுவில் வந்துவிட்டால் அதுதான் சரி. ஜீரோ 2வுக்கு 0.78 மி.மீ. 2 பின் வயர் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது ஆட்டாமல் நேராக அழுத்துங்கள், ஆட்டினால் சாக்கெட் தளர்ந்துவிடும்.

தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறும். டிப் விளிம்பில்தான் அடைத்திருந்தால் அசைவில் சந்து விழுந்து பேஸ் போய்விடும். வலதுக்கு மட்டும் ஒரு அளவு பெரிய டிப் அல்லது ஃபோம் போட்டால் சரியாகும். அதற்கும் சரியாகாமல், வாயை அசைக்காதபோதும் வலது பக்கம் சத்தம் குறைவாகவே இருந்தால், டிப்பைக் கழற்றி முனையில் உள்ள வலையை வெளிச்சத்தில் பாருங்கள். காது மெழுகோ வேர்வை ஈரமோ அடைத்திருக்கும். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். ஊக்கு, ஊசி வைத்துக் குத்தாதீர்கள், வலை கிழிந்தால் குப்பை நேராக டிரைவர்மேல் விழும். ஈரம் என்றால் ஒரு ராத்திரி மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தினமும் பஸ்ஸில் போகிறவர் அந்த டப்பாவை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.