மறு: கர்ப்பகால நீரிழிவு – ‘அறிகுறி’யா, ‘முன்காட்டி’யா?

> ‘இரத்த அறிகுறிகள்’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, வணக்கம். கர்ப்பகால நீரிழிவு பின்னால் வரக்கூடும் என்று முன்கூட்டியே காட்டும் இரத்தப் பொருள்களுக்கு (biomarkers) நம் துண்டறிக்கையில் ‘இரத்த அறிகுறிகள்’ என்று போடலாம் என்கிறீர்கள்.

எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. அறிகுறி என்றால் உடம்பில் உணர்வது: தாகம், தலைசுற்றல், அசதி. கர்ப்பகால நீரிழிவோ பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. “எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே” என்று சொல்லும் பெண்களை எங்கள் திருவாரூர்ப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். நடவு நேரத்தில் அது கூலி போகிற காரியம். அறிகுறி என்று நாமே அச்சிட்டுக் கொடுத்தால், வராமல் இருக்க ஒரு காரணம் கொடுத்ததாகிவிடும்.

அந்தச் சோதனையில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று முடிவு செய்கிறார்கள். நாம் பெயர் தேடுவது அதற்கும் முந்திய கட்டத்துக்கு. பாலின ஹார்மோன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்றைக் கல்லீரல் சுரக்கிறது. உடலில் இன்சுலின் மிகுந்தால் இந்தப் புரதத்தின் சுரப்பு குறைகிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் இந்தப் புரதம் ஏற வேண்டும். முதல் மூன்று மாதத்திலேயே இது குறைவாக இருக்கும் பெண்களுக்குப் பின்னால் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் அடிப்போனெக்டின் குறைந்திருந்தாலும் அப்படியே. வாய்ப்புதான், நோய் அல்ல. குளுக்கோஸ் சோதனை எப்படியும் செய்தாக வேண்டும்.

இந்த வித்தியாசம் பெயரிலேயே தெரிய வேண்டும். ‘முன்குறி’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே குறி என்றால் கோயிலில் குறி கேட்பதுதான் நினைவுக்கு வரும். ஆய்வகச் சீட்டைக் கையில் வைத்திருப்பவளுக்கு அந்தப் பயம் வேண்டாம். ‘நோய்க்குறி’யை ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறோம்.

என் முன்மொழிவு ‘முன்காட்டி’. நாள்காட்டி, திசைகாட்டி வரிசையில் தானாகச் சேர்ந்துகொள்கிறது. கிராம செவிலியர் வாயிலும் தடுமாறாது: “முன்காட்டி குறைவா இருக்கும்மா, 24ஆம் வாரம் தள்ளிப்போடாம வந்து குளுக்கோஸ் தண்ணி குடிச்சிடணும்.” முடிவைச் சொல்லும் சர்க்கரை அளவுக்கு இதைப் போடக்கூடாது, அது ‘சர்க்கரை அளவு’ என்றே இருக்கட்டும்.

ஹார்மோன்களைப் பிடித்து வைக்கும் அந்தப் புரதத்துக்கு நீங்கள் தந்த ‘பாலின இயக்குநீர்ப் பிணைப்புப் புரதம்’ சரிதான். ‘இயக்குநீர்’ இடத்தில் மட்டும் ‘ஹார்மோன்’ என்று விட்டுவிடலாமா? ‘குருதி’யைவிட ‘இரத்த’ முன்காட்டிக்கே என் ஓட்டு. மற்றவர்களும் சொல்லுங்கள், துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும்.