சீசன்ல 12 மணி நேரம் யார் சொன்ன சட்டம்?

(எங்க குடும்ப குரூப் சாட்)

பெரியம்மா: பாப்பா இன்னும் வரல. மணி பத்தாகப் போகுது. ஊட்டிப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?

ஊட்டி அக்கா: வந்துட்டிருக்கேம்மா. பூக்கண்காட்சிக் கூட்டம், சேரிங்கிராஸ்ல பஸ் நகரவே இல்ல. கடை அடைக்க 9.30 ஆயிடுச்சு.

அம்மா: காலைல ஒம்பதுக்குப் போனவ தானே கண்ணு? சாப்பிட்டியா?

ஊட்டி அக்கா: மதியம் அரை மணி நேரம் விட்டாங்க சித்தி. மத்தபடி நின்னுட்டே தான். சாக்லேட் கவுன்டர்ல ஒரு ஸ்டூல் கூட இல்ல. கேட்டா, 12 மணி நேரம் இப்ப சட்டமே ஆயிடுச்சுங்கிறார் ஓனர். சீசன் முடியற வரைக்கும் வார லீவும் இல்லையாம்.

குன்னூர் சித்தப்பா: கடைக்கு அப்படி ஒரு சட்டம் இல்ல கண்ணு. 2023 ஏப்ரல்ல ஃபேக்டரிக்குத் தான் 12 மணி நேரம்னு நம்ம சட்டசபைல மசோதா நிறைவேத்தினாங்க. சங்கங்கள் எதிர்த்ததும் வாபஸ் ஆயிடுச்சு.

குன்னூர் சித்தப்பா: உங்களுக்கு 1947 தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் 10, வாரத்துக்கு 54. அதுக்கு மேல வேலை வாங்கவே கூடாது. 4 மணி நேரத்துக்கு அப்புறம் 1 மணி நேரம் ஓய்வு தரணும். 12ங்கிறது அதுல வேற கணக்கு. உள்ள போறதுலேர்ந்து வெளிய வர்ற வரைக்கும், ஓய்வும் சேர்த்து 12க்குள்ள முடியணும். உனக்கு அதுவே தாண்டுது.

தம்பி: ஓவர்டைம் காசு தர்றாங்களாக்கா?

ஊட்டி அக்கா: சம்பளம் 480. கூட தினம் 100.

குன்னூர் சித்தப்பா: 480ஐ 8ஆல வகு, மணிக்கு 60. ஓவர்டைம்னா ரெட்டிப்பு, 120. நீ 4 மணி நேரம் அதிகமா நிக்கிற, 480 வரணும். தினம் 380 உன் கைக்கு வராமலே போகுது! ஸ்டூலும் சலுகை இல்ல. நாள் முழுக்க நிக்கிறவங்களுக்காக 2021ல சட்டத்தைத் திருத்தி, உக்கார இடம் தரணும்னு சேர்த்தாங்க.

பெரியம்மா: கேட்டா வேலைய விட்டு நிறுத்திட்டா? இந்தக் காசை நம்பித் தான் காலேஜ் ஃபீஸ் இருக்கு.

குன்னூர் சித்தப்பா: பயம் நியாயம் தான் அண்ணி. அதான் தனியா போய்ப் பேச வேண்டாங்கிறேன். எஸ்டேட்டுல நாங்க எதைக் கேட்டாலும் கூட்டமா தான் கேட்டோம். கவுன்டர்ல இருக்கிற எல்லாரும் வந்த நேரம், போன நேரம் இன்னைலேர்ந்து எழுதி வைங்க. ஓனர் ஒத்துவரலைன்னா தொழிலாளர் துறைக்கு மனு. நான் எழுதித் தர்றேன், கூடவும் வர்றேன்.

ஊட்டி அக்கா: இன்னும் மூணு பேர் இருக்காங்க சித்தப்பா. இதை அப்படியே அவங்களுக்கு அனுப்பறேன். முதல்ல வார லீவைக் கேக்கறோம்.

குன்னூர் சித்தப்பா: சம்பளத்தோட லீவுன்னு கேளுங்க. தினக்கூலின்னாலும் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது.