புதுப்பிப்பு: ஹவாய் அஹுபுவா எல்லைகளுடன் அரசு இடப்பெயர்களை இணைத்தல் (தீர்வு கிடைத்தது)

அமெரிக்க அரசின் இடப்பெயர்ப் பட்டியலை, ஹவாய் மாநிலம் வெளியிடும் அஹுபுவா என்ற மரபு நிலப்பிரிவுகளின் எல்லைக் கோப்புடன் பெயரை வைத்து இணைக்கும்போது பல வரிகள் பொருந்தவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

ஹவாய் மொழியில் குரல்வளை அடைப்பொலியைக் காட்டும் ஒக்கினா குறி ஓரிடத்தில் யூனிகோடு 02பிபி ஆகவும் வேறிடத்தில் சாதாரண மேற்கோள் குறியாகவும் இருந்ததால், மூலப் பெயரைத் தொடாமல், குறிகள் நீக்கிய வடிவத்தைத் அட்டவணையின் தனி நெடுவரிசையில் வைத்து ஒப்பிடச் சொன்ன யோசனை பாதிதான் பலித்தது. வைமேயா என்ற பெயர் கவாய், ஒவாஹு, ஹவாய் ஆகிய மூன்று தீவுகளிலும் இருப்பதால் தவறான இணைப்புகள் கூடிவிட்டன. உண்மையில் கைகொடுத்தது, இரு கோப்புகளையும் யூடிஎம் என்ற, மீட்டரில் இடங்களைக் குறிக்கும் வரைபட ஆயமுறையின் 4ஆம் மண்டலத்துக்கு மாற்றி, எந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்து, பெயரைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் வழி. தீவு, மோக்கு (பல அஹுபுவாக்கள் அடங்கிய பெரிய மரபு வட்டாரம்), அஹுபுவா மூன்றையும் சேர்த்தே அடையாளக் குறியீடு அமைக்க வேண்டும்.

எதிர்பாராதவை இரண்டு. ஓடைகளுக்கு அரசுப் பட்டியல் முகத்துவாரப் புள்ளியையே முதன்மையாகத் தருவதால், சில புள்ளிகள் கரைக்கோட்டைத் தாண்டிக் கடலில் விழுந்தன. அவற்றுக்கு மட்டும் அருகிலுள்ள எல்லையைத் தேடும் முறையைப் பயன்படுத்தினேன். அடுத்து, ஒவாஹுவின் வையானை மோக்கு மலைத்தொடரைக் கடந்து நடுத்தீவு மேட்டுநிலம்வரை நீள்வதால், ஸ்கோஃபீல்டு படைமுகாம் அதற்குள் வந்தது. ஆகவே இன்றைய மாவட்ட எல்லையைக் கொண்டு மோக்குவை நிரப்புவது, என் பார்வையில், வேண்டாத வேலை.