கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி: உங்களுக்கு எப்படித் தெரிந்தது, என்ன செய்தீர்கள்?

தஞ்சாவூர் டீச்சர்:

எனக்கு அரிசி டப்பாவில்தான் ஆரம்பித்தது. பச்சரிசியைக் கண்டால் கை நிற்காது. சமைக்கப் போனால் ஒரு பிடி, மாவரைக்கப் போனால் ஒரு பிடி. "கல்யாணத்துக்கு முன்னாடி தின்னிருந்தா மழை பெஞ்சிருக்கும், இப்ப எதுக்கும்மா?" என்று மாமியார் சிரிப்பார். உடம்பில் ரத்தம் குறைந்தால் அரிசி, மண், ஐஸ்கட்டி மேலெல்லாம் இப்படி ஆசை வரும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

பீரியட்ஸ் எட்டு நாள் வரை போனது. இரண்டாம் நாள் மணிக்கு ஒரு நாப்கின், கோலிக்குண்டு அளவில் கட்டி கட்டியாக. வகுப்பில் நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டேன். அந்த நாட்களுக்கென்றே இரண்டு மெரூன் புடவை வைத்திருந்தேன். "நாற்பதைத் தொட்டா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று ஊரே சொன்னதை நம்பி ஒன்றரை வருடம் ஓட்டினேன். பள்ளி மாடிப்படியில் மூச்சு வாங்கி சுவரைப் பிடித்து நின்ற அன்று, எங்கள் ஹெச்எம்தான் கையோடு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் 6.8. நம் வயதில் 12 இருக்க வேண்டும்.

ஸ்கேனில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு. முதலில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "ரெண்டு குழந்தை இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே போனேன். என் நாத்தனாருக்கு 8 செ.மீ. கட்டி ஆறு வருடமாக இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை. அவளுக்கு எடுக்க வேண்டாம், எனக்கு மட்டும் ஏன் எடுக்க வேண்டும்?

அந்தக் கேள்வியைத்தான் இரண்டாவது டாக்டரிடம் கேட்டேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு சுவரை வரைந்தார். உள்பூச்சு, செங்கல், வெளிப்பூச்சு. கர்ப்பப்பைச் சுவரின் தசையிலிருந்தே வளர்கிற கட்டி இது. அது புற்றாக இருப்பது மிக மிக அபூர்வம். உள்பூச்சுப் பக்கம் துருத்திக்கொண்டு வளர்ந்தால் சின்னதாக இருந்தாலும் ரத்தம் கொட்டும். வெளிப்பூச்சுப் பக்கம் வளர்ந்தால், பெரிதாகி மூத்திரப்பையையோ குடலையோ அழுத்தும் வரை இருப்பதே தெரியாமல்கூட இருக்கும். நாத்தனாருடையது வெளியே, என்னுடையது உள்ளே. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சீட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

முதலில் இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 200 மி.கி., ஐந்து தடவை. பீரியட்ஸ் நாட்களில் மட்டும் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. (காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இது ஆகாது.) ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியதும் ஹிஸ்டரோஸ்கோபி. கீழ்வழியாகவே கேமராக் குழாயை விட்டுக் கட்டியைச் சீவி எடுத்தார்கள். வயிற்றில் ஒரு தையல் இல்லை, மறுநாள் காலை வீட்டில் இட்லி சாப்பிட்டேன். நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1. அரிசி ஆசை எந்த நாளில் விட்டது என்றே தெரியவில்லை.

கோவைக்காரி:

நான் கர்ப்பமாக இருந்தபோது, ஐந்தாம் மாதம். நடு ராத்திரி வயிற்றின் வலது பக்கம் கத்தியால் குத்தியது போல வலி. குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் 6 செ.மீ. ஃபைப்ராய்டு. கர்ப்பத்தில் வேகமாக வளர்ந்து, போதிய ரத்தம் கிடைக்காமல் உள்ளே அழுகத் தொடங்கினால் இப்படி வலிக்குமாம். ஓய்வும் பாரசிட்டமாலும்தான் மருந்து, இரண்டு நாளில் அடங்கியது. சிசேரியனின்போதே கட்டியையும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அப்போது கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், கை வைத்தால் ரத்தப்போக்கை நிறுத்துவது கஷ்டம் என்று மறுத்துவிட்டார்கள். மறுத்ததே நல்லதாயிற்று. மகளுக்கு ஒரு வயதானபோது ஸ்கேன் எடுத்தால் அது 4 செ.மீ.தான்.

நெல்லை அத்தை:

நான் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவள். 47 வயது, ஒன்றல்ல, ஐந்து கட்டி. நாலு மாசக் கர்ப்பம் போல வயிறு. திருநெல்வேலியிலிருந்து மதுரை போவதற்குள் ஒன்றுக்குப் போக இரண்டு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது, கண்டக்டர் முகத்தைப் பார்க்கவே கூசும். எடுத்த எடுப்பில் கத்திக்குப் போகவில்லை. ரத்தப்போக்கைக் குறைக்கக் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் லூப் வைத்தார்கள், கட்டிகள் உள்ளறையையே கோணலாக்கியிருந்ததால் நழுவி விழுந்துவிட்டது. மூன்று மாதம் ஊசி போட்டதில் கட்டி சுருங்கியது, ஆனால் உடம்பெல்லாம் அனல், தூக்கம் போச்சு. அந்த ஊசியை ரொம்ப நாள் போட்டால் எலும்பு தேயும், நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். கட்டிக்குப் போகிற ரத்தக்குழாயை அடைக்கும் வைத்தியத்தையும் சொன்னார்கள். யோசித்து, எடுத்துவிடவே முடிவு செய்தேன். உள்சுவரில் சதை எடுத்துப் பரிசோதித்துப் புற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சினைப்பைகளை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்கள். ஒரு நாளும் வருந்தியதில்லை. "அய்யோ, எடுத்துட்டீங்களா?" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

தஞ்சாவூர் டீச்சர்:

அத்தை, நீங்கள் யோசித்து எடுத்தீர்கள். என்னை யாரும் யோசிக்கவே விடவில்லை, அதுதான் என் ஆத்திரம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்ததாகப் போடப்பட்ட வழக்கில், இதைத் தடுக்க ஒன்றிய அரசு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல யாரும் தயங்க வேண்டாம்.

புது உறுப்பினர்:

எனக்கு 44. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் "இன்ட்ராமியூரல், 2 செ.மீ." என்று வந்திருக்கிறது. பீரியட்ஸ் சரியாகத்தான் வருகிறது. நேற்றிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை.

தஞ்சாவூர் டீச்சர்:

சாப்பிடுங்கம்மா முதலில். அது செங்கல் நடுவில் இருக்கிற சின்னக் கட்டி. எங்கள் பள்ளி கணக்கு டீச்சருக்கும் இதேதான், ஒரு மருந்தும் தரவில்லை, ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். நின்ற பிறகும் வளர்ந்தாலோ, ரத்தம் பட்டாலோ உடனே காட்ட வேண்டும். இப்போதைக்கு அந்த ரிப்போர்ட்டோடு ஒரு மகப்பேறு டாக்டரைப் பார்த்து, ஹீமோகுளோபினும் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.