பழைய நட்சத்திரங்களின் சொந்த வாழ்க்கையை எழுதும் நூல்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: உவர்மலை வாசகி

வணக்கம்.

திருகோணமலையில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தின் அடுத்த சந்திப்பில் பழைய திரைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் பற்றிப் பேச இருக்கிறோம். அறிமுகவுரை என் பொறுப்பு. சாவித்திரி எல்லோரும் அறிந்தவர் என்பதால் அவரை எடுத்துக்கொண்டேன். ஆனால் வாசிக்க வாசிக்க, ஒரே திருமணத்தைப் பற்றி ஒன்றோடொன்று பொருந்தாத கதைகளே கைக்கு வருகின்றன.

2018 இல் நாக் அஸ்வின் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படம், அவர் 1952 இல் ஜெமினி கணேசனை மணந்ததையும், 19 மாதங்கள் நினைவிழந்து கிடந்து 1981 டிசெம்பர் 26 அன்று இறந்ததையும் ஒரே சரட்டில் கோத்து, காதலால் உயர்ந்து காதலாலேயே வீழ்ந்த பெண்ணின் கதையாகச் சொல்கிறது. சாவித்திரியின் மகள் அப்படத்துக்கு ஆதரவாக இருந்தார். ஜெமினி கணேசனின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள்களுள் ஒருவரோ, சாவித்திரிக்குக் குடியைப் பழக்கியவர் தன் தந்தையே என்பது போலக் காட்டியிருப்பதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் நாராயணி கணேஷ் தந்தையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், ஒரு மகளின் அன்போடு எழுதப்பட்டது. இந்த மகள்களில் எவரும் வீட்டுக்கு வெளியே நின்று பேசியவர்கள் அல்லர் என்பதுதான் என்னைக் குழப்புகிறது.

எங்கள் வட்டத்திலும் இரண்டு அணிகள் உண்டு. "பாசமலர்" வந்த காலத்திலேயே அதைப் படமாளிகையில் பார்த்த பெரியவர்கள், இறந்துபோன பெண்ணின் குடியைச் சபையில் வைத்துக் கதைப்பது அழகல்ல என்கிறார்கள். அந்த 2018 படத்தில் நடித்த கீர்த்தி சுரேஷின் முகத்தின் வழியாக மட்டுமே சாவித்திரியை அறிந்த மாணவர்கள், அதை மறைத்துவிட்டுப் பேசினால் அது வரலாறே அல்ல என்கிறார்கள். யாரை நம்பிப் பேசுவது, எதுவரை பேசுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர்

அன்பின் சகோதரிக்கு,

வீட்டுக்குள் இருந்தவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை முதலில் சற்றுத் தள்ளி வையுங்கள். ஹொலிவூட் நடிகை ஜோன் குரோஃபோர்ட் 1977 இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய வளர்ப்பு மகள் கிறிஸ்டினா, தாயைக் கொடுமைக்காரியாகச் சித்திரிக்கும் நூலை வெளியிட்டார். அதே வீட்டில் வளர்ந்த இரட்டைச் சகோதரிகள், தாங்கள் அறிந்த தாய் அவர் அல்லர் என்று மறுத்தார்கள். தாயின் மரண சாசனத்தில் கிறிஸ்டினாவுக்கு எதுவும் எழுதப்படவில்லை. அதனால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தச் சாசனத்தைப் பற்றி அறியாமல் அந்நூலை வாசிப்பவர் பாதியைத்தான் வாசிக்கிறார்.

தன் கதையைத் தானே எழுதுபவரும் விதிவிலக்கல்லர். சார்லி சாப்ளின் 1964 இல் வெளியிட்ட தன்வரலாறு பருமனான நூல். சிறுவயது வறுமையை அவர் எழுதியிருக்கும் பக்கங்களை எத்தனை முறையும் வாசிக்கலாம். ஆனால் தன் இரு மகன்களின் தாயான லீட்டா கிரேயைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை என்று ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். 1927 இல் அந்த மணமுறிவு வழக்கு அமெரிக்கப் பத்திரிகைகளை நிறைத்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தன் நூலில் எழுத மறுப்பதும் ஒருவகை வாக்குமூலந்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனிச் சாவித்திரிக்கு வருகிறேன். அவரைப் பற்றி எழுதுபவர்கள் அவருடைய குடியை எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. அதை எல்லாவற்றுக்கும் காரணமாக்கிவிட்டு, அவர் செய்த தொழிலை எழுதாமல் விடுவதே என் மனக்குறை. 1968 இல் "சின்னாரி பாப்பலு" என்ற தெலுங்குப் படத்தை அவர் இயக்கினார். பெண்களே முன்னின்று எடுத்த அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் பின்னணிப் பாடகி பி. லீலா. மறு ஆண்டு தமிழில் "குழந்தை உள்ளம்" வந்தது. 1971 இல், தெலுங்கில் தாமே நடித்து வெற்றிபெற்ற "மூக மனசுலு" என்ற கதையைத் தமிழில் "பிராப்தம்" என்ற பெயரில், சிவாஜி கணேசனை நாயகனாக வைத்து, சொந்தமாகத் தயாரித்து இயக்கினார். படம் ஓடவில்லை, பெரும் பணம் போயிற்று. வருமான வரிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. முப்பது வயதைக் கடந்த நாயகி ஒருவர், வாய்ப்புகள் குறைந்துவரும் காலத்தில், கடன் வாங்கிப் படம் எடுத்துத் தோற்றார் என்பது எந்தத் தயாரிப்பாளரின் வரலாற்றிலும் ஓர் அத்தியாயமாக நிற்கக்கூடிய விடயம். சாவித்திரியின் வரலாற்றில் மட்டும் அது கணவனைப் பிரிந்த துயரத்தின் அடிக்குறிப்பாகிவிடுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. ஜெமினி கணேசனும் 1974 இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் "நான் அவனில்லை" என்ற படத்தைத் தயாரித்தார். நடிப்புக்கு விருது கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. (பல பெண்களை ஏமாற்றி மணந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவனின் கதை அது. தயாரிப்பாளராக அவர் இதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.) அந்த நட்டத்தை எவரும் அவருடைய இல்லற வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டு எழுதுவதில்லை. தோற்ற படம் தோற்ற படமாகவே நிற்கிறது. அவருடைய பல உறவுகளோ புன்னகையோடு சொல்லப்படுகின்றன. கணவனின் காதல்கள் சுவாரசியமான குணமாகவும் மனைவியின் காதல் அழிவின் காரணமாகவும் எழுதப்படும்போது, அந்த எழுத்தாளரிடம் தரவு குறைவு என்று நான் நினைப்பதில்லை. தீர்ப்பை முன்னமே எழுதி வைத்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆகவே குடியைப் பேசலாமா என்ற சண்டையில் நேரத்தைக் கழிக்காதீர்கள். ஒரு நூலை எடுத்து, அதில் 1968 முதல் 1971 வரையான ஆண்டுகளுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பக்கங்களில் கமரா, கடன், விநியோகம் ஆகியவற்றைப் பற்றி ஏதும் உண்டா என்று சபையில் எல்லோர் முன்னாலும் திறந்து பாருங்கள்.

பதில்: சட்டத்தரணி ஒருவர்

பெரியவர் சொன்னதோடு சட்டத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

இறந்தவருக்கு மானநட்ட வழக்கு இல்லை என்பது ஆங்கிலச் சட்ட மரபின் பழைய நிலைப்பாடு. எரொல் ஃபிளின் 1959 இல் இறந்தார். அவர் நாஜிகளுக்கு உளவு பார்த்தவர் என்று சார்ள்ஸ் ஹைம் 1980 இல் எழுதிய நூலுக்கு எதிராக அவருடைய மகள்மார் கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கு, இந்தக் காரணத்தினாலேயே 1983 இல் தள்ளுபடியானது. இந்தியாவில் நிலைமை சற்று வேறு. இறந்தவரைப் பற்றிய அவதூறு குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கோடு செய்யப்பட்டால் அது குற்றமாகலாம் என்று தண்டனைச் சட்டத்தின் 499 ஆம் பிரிவின் முதல் விளக்கம் சொன்னது. 2024 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இல் முற்றாக நீக்கப்பட்டது.

உயிரோடிருப்பவர்களைப் பொறுத்தவரை, இந்திய உச்ச நீதிமன்றம் 1994 இல் ராஜகோபால் வழக்கில் வழங்கிய தீர்ப்பே இன்றும் எழுத்தாளர்களுக்கு அளவுகோல். திருமணம், குடும்பம், பிள்ளைப்பேறு போன்றவற்றை உரியவரின் சம்மதமின்றி வெளியிடக்கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொதுப் பதிவேடுகளில் உள்ளதை வெளியிடலாம் என்றது அது. அந்த வழக்கு எழுந்ததே ஒரு மரண தண்டனைக் கைதியின் தன்வரலாற்றை "நக்கீரன்" சஞ்சிகை வெளியிட முனைந்ததால்தான்.

பதிவேடு எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு எம். கே. தியாகராஜ பாகவதரின் கதை நல்ல சாட்சி. நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்ற லட்சுமிகாந்தன் 1944 நவெம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் டிசெம்பரில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, மேன்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மீள்விசாரணைக்குப் பின்னர் 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். சிறை பாகவதரின் வாழ்க்கையை முடித்துவிட்டது என்றே கதை வழங்குகிறது. ஆனால் ஒரே வழக்கில், ஒரே தண்டனை பெற்று, ஒன்றாகவே வெளியே வந்த கிருஷ்ணன் 1949 இல் "நல்லதம்பி"யிலும் 1951 இல் தாமே இயக்கிய "மணமகள்" படத்திலும் வெற்றி கண்டார். பாகவதரின் "ராஜமுக்தி" 1948 இலும் "அமரகவி" 1952 இலும் எடுபடவில்லை. 1952 "பராசக்தி" வந்த ஆண்டு. பாட்டுக்காகப் படம் பார்த்த சபை வசனத்துக்குக் கைதட்டத் தொடங்கியிருந்தது. சிறை மட்டுமே காரணம் என்று எழுதுபவர் கிருஷ்ணனுக்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார் என்று உங்கள் வட்டத்தில் யாராவது கேட்க வேண்டும்.

சட்டம் எதை அச்சிடலாம் என்பதை மட்டுமே சொல்லும்; அச்சிட்டது உண்மையா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை.

பதில்: பழைய ரசிகன்

மன்னிக்க வேண்டும். "நவராத்திரி"யில் அந்த அம்மா பைத்தியமாக நடித்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விடயம். வரலாறு எழுதுகிறவர்கள் படத்தைப் பற்றி எழுதட்டும்.

பதில்: நிலாவெளியான்

பழைய ரசிகன் ஐயாவின் மனம் புரிகிறது. ஆனால் சொந்த வாழ்க்கை என்றவுடன் படுக்கையறையையும் போத்தலையும் மட்டுமே நாம் நினைப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. மொழி, மதம், பிறந்த வீடு, வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்த வேலை எல்லாமே சொந்த வாழ்க்கைதான்.

நம் நாட்டையே பாருங்கள். 1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படத்தின் நாயகி ருக்மணி தேவி, தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு பிறந்தவர். நடிகர் எடி ஜயமான்னவை மணந்தார். 1978 ஒக்ரோபரில் நிகழ்ச்சியொன்றை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் துடெல்லவில் வாகன விபத்தில் இறந்தார். தமிழில் எழுதுபவர்கள் அவருடைய பிறப்பை ஒரு பத்தியில் பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தாய்மொழி அல்லாத மொழியில் ஒரு நாடு முழுவதற்கும் குரலாகிப்போன ஒரு பெண் வீட்டில் எந்த மொழியில் பேசினார், எந்த மொழியில் பிரார்த்தித்தார் என்பதே எனக்கு முக்கியமான அந்தரங்கம். அதை விசாரித்து எழுத எவருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை.

நம் ஊருக்கே உரிய உதாரணமும் உண்டு. காமினி பொன்சேகா 1995 முதல் 1998 வரை வடக்கு கிழக்கு மாகாண ஆளுநராக இருந்தார். அப்போது இணைந்திருந்த அந்த மாகாணத்தின் நிர்வாகத் தலைமையிடம் திருகோணமலையாக இருந்தது. போர் உக்கிரமாக நடந்த ஆண்டுகளில், சிங்களத் திரையின் மிகப் பெரிய நாயகன் தமிழ் உத்தியோகத்தர்கள் நிறைந்த செயலகத்தில் கோப்புகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் அந்த ஆண்டுகளை அரை வரியில் தாண்டிப்போய்விடுகின்றன. அவர் ஏற்ற வேடங்களுக்கும் ஆட்களை அடித்து வீழ்த்திய சண்டைகளுக்குமே இடம் போதவில்லை. அந்தச் செயலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் இன்னும் நகரத்தில் இருக்கிறார்கள். உங்கள் வட்டம் அவர்களில் ஒருவரையாவது அழைத்து, அவர் எப்படிக் கதைப்பார், எதற்குக் கோபப்படுவார், தமிழ் எவ்வளவு விளங்கியது என்று கேட்டுப் பதிவுசெய்தால், எந்த வாழ்க்கை வரலாற்றிலும் இல்லாத ஓர் அத்தியாயம் இங்கேயே உருவாகும்.

பதில்: உவர்மலை வாசகி

அனைவருக்கும் நன்றி.

நூலகர் ஐயா சொன்னவாறு "பிராப்தம்", "நான் அவனில்லை" ஆகிய இரண்டு தோல்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரையைத் தொடங்குவதாகத் தீர்மானித்துவிட்டேன். பெரியவர்கள் கோபிக்காமல் இருக்க "நவராத்திரி"யின் அந்தக் காட்சியை முதலில் போட்டுக் காட்டப்போகிறேன். பழைய ரசிகன் ஐயா கட்டாயம் வரவேண்டும். குடியைப் பற்றிய பேச்சைத் தவிர்க்கமாட்டேன். அதை யார் கண்டார், யார் கேள்விப்பட்டார் என்பதைப் பிரித்துச் சொல்லிவிட்டு மேலே போவேன். பாகவதர் வழக்கு தனிச் சந்திப்புக்கே போதுமானது என்பதால், சட்டத்தரணி ஐயாவைத்தான் அதற்கு அழைக்க வேண்டியிருக்கும்.

நிலாவெளியான் அண்ணாவின் யோசனையை வட்டத்தில் சொன்னேன். செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவரின் மகள் எங்களோடு வாசிப்பவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் தந்தையிடம் கேட்டுச் சொல்வதாக இருக்கிறார்.

இன்னும் ஓர் உதவி தேவை. "பிராப்தம்" படத்தின் தெளிவான பிரதியோ, அது வெளிவந்த காலத்துப் "பேசும் படம்", "பொம்மை" சஞ்சிகைகளில் வந்த விமர்சனமோ எவரிடமாவது இருந்தால் அறியத் தரவும். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு இருந்ததால் பழைய இதழ்கள் கிடைப்பது கடினம் என்று நூலகத்தில் சொன்னார்கள். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக்கூடும்.