வாடகை வீட்டில் பிறர் பிள்ளைகளைப் பார்ப்பது குடியிருப்பா, தொழிலா?

கனகபுரம் வாசி:
கிளிநொச்சியில் இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் உள்ள வாடகை வீடொன்றில் மூன்று வருடங்களாக இருக்கிறேன். வேலைக்குப் போகும் தாய்மாரின் ஐந்து பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்ப்பதுதான் என் தொழில். குடிவந்தபோது ஒரு பிள்ளைதான் இருந்தது என்பதால், வீட்டுக்காரரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்து ஐந்தாயிற்று. சென்ற கிழமை வந்த வீட்டுக்காரர், விறாந்தையில் விரித்திருந்த பாய்களையும் கொடியில் காய்ந்த துணிகளையும் பார்த்துவிட்டு, குடியிருக்கத் தந்த வீட்டில் தொழில் நடத்தக் கூடாது என்று சொல்லி, அடுத்த மாத முடிவில் எழும்பச் சொல்லிவிட்டார். அதன் பின் நான் கேட்டுப் போன நான்கு வீடுகளிலும் தொழிலைச் சொன்னவுடனேயே பேச்சு முடிந்துவிட்டது.

இந்த வீட்டில் சமையல், குளிப்பு, நித்திரை, விளையாட்டு தவிர வேறொன்றும் நடப்பதில்லை. நான் பெற்ற பிள்ளைகள் ஐந்து பேர் இருந்திருந்தால் அதை எவரும் தொழில் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியிருக்க, வீட்டுக்காரரின் சம்மதத்தை நான் ஏன் கேட்க வேண்டும்?

பரந்தன் வீட்டுக்காரர்:
தங்கச்சி, நான் வீடு வாடகைக்குக் கொடுப்பவன். உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக உண்மையை மறைக்க என்னால் முடியாது. பெற்ற பிள்ளைகள் ஐந்து என்றால் ஐந்தும் ஒரே வயதில் இரா; மூத்தது இளையதைப் பார்த்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பவையோ ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள், பார்ப்பதற்கு நீங்கள் ஒருவர்தான்.

என் வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாயோடு மனைவியின் நகையையும் அடகு வைத்துக் கட்டி முடித்தது. ஒரு குடும்பத்துக்குப் போதுமான மலக்குழியும் ஒரு குடும்பத்துக்குப் போதுமான கிணறும்தான் அதில் உண்டு. முன்பு இருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். குழி நிரம்பி நாற்றம் எடுத்த பிறகுதான் எனக்கு விடயம் தெரியவந்தது. அதைக்கூடப் பொறுக்கலாம். கிணற்றை நினைத்தால்தான் எனக்கு நித்திரை வராது. எங்கள் பக்கத்துக் கிணறுகளின் கட்டு எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளை வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினால் எட்டிப் பார்த்துவிடும். ஏதும் நடந்தால் பொலிசார் முதலில் யாருடைய வளவு என்றுதான் கேட்பார்கள்.

ஆடைத் தொழிற்சாலைத் தாய்:
அந்த அக்காவைப் போன்ற ஒருவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் நான். பிரசவ விடுமுறை 84 நாள். அது முடிந்தால் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் வேலையை விட வேண்டும். என் தாயார் 2009இல் போய்விட்டார், மாமியாரும் இல்லை. விடியப்புறம் பஸ் வரும் நேரத்தில் முன்பள்ளி எதுவும் திறந்திருப்பதில்லை; திறந்தாலும் மூன்று வயதுக்கு முன் எடுக்க மாட்டார்கள், மத்தியானத்தோடு பிள்ளைகளை அனுப்பியும் விடுவார்கள். கேற்றடியில் நித்திரைப் பிள்ளையைத் தோள் மாற்றிக் கொடுக்கும்போது அது என் சீருடையின் கழுத்துப் பட்டியைப் பிடித்தபடியே இருக்கும். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். ஐயா, உங்கள் கிணற்றுப் பயம் நியாயமானது. ஆனால் எல்லா வீட்டுக்காரரும் உங்களைப் போல் கதவை மூடினால், எங்கள் பிள்ளைகளை எந்த வீட்டில் வைத்துப் பார்ப்பது?

முன்னாள் காணிப்பகுதி எழுதுவினைஞர்:
இந்த விவாதத்தில் ஒருவரும் தொடாத விடயம் ஒன்று இருக்கிறது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை; ஊர் வழக்கில் சொன்னால் பெர்மிட் காணிகள். குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுக்கப்பட்ட அந்தக் காணியைத் தன் விருப்பப்படி குத்தகைக்கு எழுதிக் கொடுக்கும் உரிமை அனுமதிப்பத்திரக்காரருக்கு இல்லை. ஆகையால் அப்படிப்பட்ட காணியில் வீடு வைத்திருப்பவர் எதையும் எழுத்தில் கொடுக்க விரும்பமாட்டார். அரச உத்தியோகத்தர் எவரும் வளவுக்குள் வந்து விசாரிப்பதையும் விரும்பமாட்டார். பிள்ளை பராமரிப்பு என்று சொன்னவுடன், நாளைக்குப் பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் வருவார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், அவர்களின் பின்னால் கிராம அலுவலரும் வந்து காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்பார் என்ற எண்ணந்தான் அவருக்கு முதலில் வருகிறது. சத்தம், சுவர்க் கீறல் என்று அவர் சொல்லும் காரணங்களில் பல அந்த அச்சத்தை மறைக்கச் சொல்லப்படுபவை என்பது என் அனுபவம்.

வீட்டுக்காரருக்கே முழு உரிமையுள்ள உறுதிக் காணியாக இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். வெறும் கடதாசியில் "இரண்டு வருடம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலும் அது மாதவாடகையாகத்தான் பார்க்கப்படும். மாதவாடகையை முடிக்க ஒரு முழு மாத அறிவித்தல் தேவை. உங்கள் வீட்டுக்காரர் அடுத்த மாத முடிவு என்று சொன்னதில் அந்த அளவு இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருவது உண்மைதான், ஆனால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஆகவே, சட்டத்தைக் காட்டி அந்த வீட்டில் இருந்துவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

பரந்தன் வீட்டுக்காரர்:
என் காணியும் பெர்மிட் காணிதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அச்சத்தை நாங்கள் உருவாக்கவில்லை. பெற்றோர் காலத்தில் வெட்டித் திருத்திய காணிக்கு இன்றுவரை முழு உரிமை இல்லாமல் இருப்பவன், இன்னொருவரின் தொழிலுக்காக அதைப் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்பது சரியா?

வவுனிக்குளத்தான், இப்போது லண்டன்:
இங்கிலாந்தில் என் மனைவி இதே தொழிலைச் செய்கிறார். நாங்களும் வாடகை வீட்டில்தான் இருந்தோம். இங்கே எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கூலிக்கு வீட்டில் வைத்துப் பார்ப்பவர் பிள்ளை பராமரிப்பைக் கண்காணிக்கும் அரச நிறுவனமான ஒவ்ஸ்டெட்டிலோ அதற்கென உள்ள முகவர் நிலையத்திலோ பதிய வேண்டும். பொதுவாக எட்டு வயதுக்குட்பட்டோர் ஆறு பேருக்கு மேல் கூடாது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்டோர் மூவர்தான் இருக்கலாம். சொந்தப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். பிறருக்கு ஏற்படும் தீங்குக்கான பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயம். இவ்வளவும் இருந்தும் வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் கேட்டு நாங்கள் இரண்டு வீடுகளில் திரும்பி வந்தோம். மூன்றாவது வீட்டுக்காரர் காப்புறுதிப் பத்திரத்தைப் பார்த்த பின்பே இணங்கினார். சகோதரி, சம்மதம் ஏன் கேட்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆபத்தில் பங்கு ஏற்பவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

கனகபுரம் வாசி:
அண்ணா, உங்கள் மனைவிக்கு ஒரு பதிவு இலக்கமும் ஒரு காப்புறுதிப் பத்திரமும் கையில் இருந்தன. என் கையில் இருப்பவை ஐந்து தாய்மாரின் தொலைபேசி இலக்கங்கள் மட்டுந்தான். ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சொல்வது சரி. சொன்னால் வீடு கிடைக்காது என்ற பயத்தில்தான் பேசாமல் இருந்தேன். அதை "தோன்றவில்லை" என்று எழுதியது முழு உண்மையல்ல.

பரந்தன் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் நான் முதல் நாளே வந்து, இத்தனை பிள்ளைகள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, கிணற்றை மூடுவது என் செலவு, மலக்குழி நிரம்பினால் பவுசர் எடுப்பதும் என் செலவு என்று சொல்லியிருந்தால் என்ன பதில் தந்திருப்பீர்கள்?

பரந்தன் வீட்டுக்காரர்:
நேராகச் சொல்கிறேன்: அப்போதும் எனது வீட்டைத் தந்திருக்க மாட்டேன். என் கிணறு அடுத்த வளவோடு பங்கு. அதை மூட எனக்குத் தனி உரிமை இல்லை. ஆனால் கிணறு வேலிக்கு அப்பால் இருக்கும் வீடாகவோ, குழாய்த் தண்ணீர் வரும் வீடாகவோ இருந்து, பிள்ளைகள் மூன்றுக்கு மேல் இல்லையென்றால், யோசிக்கச் சொல்லி அந்த வீட்டுக்காரரிடம் நானே பேசுவேன். வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் கோபிக்க வேண்டாம். மோட்டார் நாள் முழுக்க ஓடினால் மின்கட்டணம் கூடிய விலைப் படிக்குப் போய்விடும். மின்பட்டியலை உங்கள் பொறுப்பில் எடுப்பதாக முதலிலேயே சொல்லுங்கள்.

ஆடைத் தொழிற்சாலைத் தாய்:
மூன்று என்றால் மிச்ச இரண்டு தாய்மாரும் வேலையை விட வேண்டும், ஐயா. ஐந்து பிள்ளைகளுக்கு இன்னொரு பெண்ணைத் துணைக்கு வைக்கலாம். அதற்கு நாங்கள் மாதக் காசைக் கூட்டித் தரத் தயார். வேலைத்தளத்துக்குப் பக்கத்தில் பிள்ளை பராமரிக்கும் இடம் வேண்டும் என்று நாங்கள் முகாமையாளரிடமும் கேட்க வேண்டும். இது முழுவதும் ஒரு பெண்ணின் வாடகை வீட்டின் தலையில் விழக் கூடாது.

முன்னாள் காணிப்பகுதி எழுதுவினைஞர்:
துணைக்கு ஒருவரை வைப்பது நல்ல யோசனை. கடிதம் எழுதுவதானால், அதைக் குத்தகை என்று தலைப்பிடாமல், பிள்ளைகளின் எண்ணிக்கை, நேரம், கிணறு, மலக்குழி, மின்கட்டணம், திருத்த வேலை ஆகியவற்றில் இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதி, இரண்டு படிகளில் கையெழுத்து வையுங்கள். அது உங்களை ஒரு மாத அறிவித்தலிலிருந்து காப்பாற்றாது. எனக்குச் சொல்லவில்லை என்ற பேச்சு பிறகு வராமல் மட்டும் தடுக்கும்.

கனகபுரம் வாசி:
இன்று பின்னேரம் இரும்பு ஒட்டு வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்து இப்போதிருக்கும் வீட்டின் கிணற்றை அளந்தேன். கட்டு இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. கம்பிச் சட்டத்தில் வலை அடித்து, நடுவில் வாளி போகும் அளவுக்குப் பூட்டுப் போட்ட சிறு கதவு வைக்கலாம் என்கிறார். செலவைத் தாய்மார் ஐவரும் நானும் ஆறு பங்காகப் போடுவதென்று பேசியிருக்கிறோம். கடிதத்தை இரண்டு படிகளாக எழுதி வைத்திருக்கிறேன். துணைக்கு வர ஒழுங்கையில் ஒரு அக்கா சம்மதித்திருக்கிறார். ஞாயிறு காலை வீட்டுக்காரரிடம் போகிறேன். அவர் மறுத்தால், பரந்தன் ஐயா, கிணறு வேலிக்கு அப்பால் இருக்கும் வீடு எது என்று உங்களிடந்தான் கேட்பேன்.