புதுப்பிப்பு: ஆன்லைனில் வாங்கிய பீக்கன் பிரலின் பிசுபிசுப்பது நின்றது

நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஹூஸ்டனுக்குத் தருவித்த பிரலின் (சர்க்கரைப் பாகில் பீக்கன் கொட்டை சேர்த்த மிட்டாய்) கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டி வந்தது ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, "தனித்தனியாகச் சுற்றியதை வாங்குங்க, திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்க" என்ற யோசனைதான். வெள்ளிக்கிழமை கிளம்பும் பெட்டி சனி, ஞாயிறு முழுக்கக் கிடங்குப் புழுக்கத்தில் கிடந்துவிடுகிறது. இம்முறை 2 நாளில் வந்தது. விளிம்பு பொருபொருவென உடைகிறது, நடுப்பகுதி வாயில் கரைகிறது.

எதிர்பாராத ஒன்று: கூடவே வாங்கிய 'சூயி' (chewy) பிரலின் பாக்கெட் ஜவ்வாக இழுத்தது. கெட்டுப்போகவில்லை, அது கார்ன் சிரப் (சோளப் பாகு) சேர்த்த டெக்சாஸ் வகை. நியூ ஆர்லியன்ஸ் பிரலின்தான் வேண்டுமென்றால் 'கிரீமி' என்று பார்த்து வாங்கவும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். காற்றுப் புகாத டப்பா போதும்.